காதல் கதை எழுத வருகிறவர்களுக்கு

சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல், மந்தைவெளியில் எங்கள் வீட்டு முன்னறையில் நாலைந்து பெண்கள் வந்து உட்காருகிறார்கள். கொஞ்ச நாளாக இரண்டு பையன்களும் வருகிறார்கள். ஒருத்தி தரமணியில் ஐ.டி. கம்பெனியில் இருக்கிறாள். இன்னொருத்தி கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு அடையாறிலிருந்து பஸ் பிடித்து வருகிறாள். எல்லோரும் எழுதுவது காதல் கதை. சுற்றிச் சுற்றி இரண்டே கேள்விதான் கேட்கிறார்கள். எழுத உட்கார்ந்தால் ஓட மாட்டேன் என்கிறதே, என்ன செய்வது? படிக்கிறவர்கள் மனசில் நிற்கிற மாதிரி எப்படி எழுதுவது?

என் முதல் கதை 1976-ல் அச்சானது. அதற்கப்புறம் 83 நாவல்கள். வாயால் சொல்லும்போது முன்னுக்குப் பின் மாறிப் போகிறது, பாதி விட்டுப் போகிறது. அதனால் எண் போட்டு எழுதித் தருகிறேன்.

1. உங்கள் வாசகி புத்தகம் எடுப்பதை ஒருமுறையாவது பக்கத்தில் நின்று பாருங்கள்.

நான் எழுத வந்த காலத்தில் மயிலாப்பூர், தி.நகர், ராயப்பேட்டை எங்கும் வாடகை நூலகங்கள் இருந்தன. லாயிட்ஸ் சாலை ஈஸ்வரி 1955-லிருந்து நடக்கிறது. எங்கள் தெருமுனையில் பெயர்ப்பலகை கூட இல்லாத சின்ன நூலகம் ஒன்று இருந்தது. என் மூன்றாவது நாவல் அங்கே வந்ததும், தினமும் பால் வாங்கப் போகிற சாக்கில் எட்டிப் பார்ப்பேன். உள்ளட்டையில் ஒட்டிய சீட்டில் சிவப்பு மையில் தேதி விழுந்துகொண்டே வரும். ஒரே மாதத்தில் பதினோரு தேதி. அந்தச் சீட்டுதான் எனக்கு வந்த முதல் மதிப்புரை.

ஒருநாள் என் கண் எதிரிலேயே ஒரு அம்மா அந்தப் புத்தகத்தை எடுத்தார். கையில் ரேஷன் கடைப் பை. நேரே கடைசிப் பக்கத்தைப் புரட்டி நின்றபடியே படித்தார். அப்புறம் முதல் பக்கம். அப்புறம்தான் பைக்குள் போட்டுக்கொண்டார். முடிவைப் படித்துவிட்டாரே, இனி கதையில் என்ன இருக்கிறது என்று எனக்கு வருத்தமாகப் போயிற்று. நூலகக்காரரிடம் சொன்னேன். ‘முக்கால்வாசிப் பேர் இப்படித்தாம்மா. சேர்ந்துட்டாங்களான்னு பார்த்துட்டுத்தான் எடுப்பாங்க’ என்றார்.

அதை நான் பல வருஷம் யோசித்திருக்கிறேன். ராத்திரி பாத்திரம் கழுவிக் கவிழ்த்த பிறகு அந்த அம்மாவுக்குக் கிடைப்பது முக்கால் மணி நேரம். அதில் அழுவதற்கு அவர் தயார்தான். ஆனால் அழுத பிறகு கைவிடப்பட மாட்டோம் என்ற உத்தரவாதம் அவருக்கு வேண்டியிருக்கிறது. சேர்வார்கள் என்று தெரிந்த பிறகும் அவரை 160 பக்கம் உட்கார வைக்க வேண்டும். எப்படிச் சேர்ந்தார்கள் என்பதில்தான் உங்கள் கைவேலை முழுவதும் இருக்கிறது.

2. இந்த வகை எழுத்தைக் குறித்து வெட்கப்படாதீர்கள்.

‘குடும்ப நாவல்’, ‘பொம்பளைங்க படிக்கிற கதை’ என்று சொல்கிறவர்கள் உங்கள் காலத்திலும் இருப்பார்கள். உங்களுக்கு முன்னால் யார் யார் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள், போதும்.

திருவல்லிக்கேணியில் வாழ்ந்த வை.மு. கோதைநாயகிக்கு ஐந்து வயது தாண்டியதும் கல்யாணமாகிவிட்டது. பள்ளிக்கூடம் போனதில்லை. தன் முதல் படைப்பான ‘இந்திர மோகனா’ நாடகத்தை அவர் வாயால் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதினார். அப்படித் தொடங்கியவர் 1925-ல் ‘ஜகன்மோகினி’ பத்திரிகையை ஏற்று நடத்தினார், 115 நாவல்கள் எழுதினார், சுதந்திரப் போராட்டத்தில் சிறைக்கும் போனார். எழுத நேரமில்லை என்று நீங்கள் என்னிடம் சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்த அம்மாவின் முகம்தான் ஞாபகம் வரும்.

லட்சுமி என்ற பெயரில் எழுதிய டாக்டர் திரிபுரசுந்தரி ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி மாணவி. வீட்டில் பணம் கட்ட முடியாத நிலை வந்தபோது ஆனந்த விகடனில் எழுதிய கதைகளின் சன்மானம்தான் அவரைப் படிக்க வைத்தது. காதலும் கல்யாணமும் குடும்பமும் எழுதித்தான் ஒரு பெண் டாக்டரானார். அவருடைய ‘பெண்மனம்’தான் 1963-ல் ‘இருவர் உள்ளம்’ சினிமாவாக வந்தது. 1984-ல் ‘ஒரு காவேரியைப் போல’ நாவலுக்கு சாகித்ய அகாதெமி விருது.

ரமணிசந்திரனை உங்கள் அம்மாவும் படித்திருப்பார், நீங்களும் படித்திருப்பீர்கள். ராயப்பேட்டை அருணோதயம் பதிப்பகம் அவர் நாவல்களைத் திரும்பத் திரும்ப அச்சிடுகிறது. புத்தகக் காட்சியில் அம்மாவும் மகளும் ஒரே அடுக்கில் கைவைத்துத் தேடுவதை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு தலைமுறையை ஒரே அலமாரி முன்னால் நிறுத்துவது சாதாரணக் காரியமா?

3. காதலர்கள் காதலைப் பற்றிப் பேச மாட்டார்கள்.

எழுத்தாளர் ஆவதற்கு முன்னால் நான் ட்ரங்க் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் எங்களிடம் புக் பண்ணிவிட்டுக் காத்திருக்க வேண்டும். மூன்று நிமிடம் ஒரு கணக்கு. லைன் சேர்ந்ததா என்று பார்க்கவும், நேரம் முடிந்ததைச் சொல்லவும் சில நொடி காதைக் கொடுப்போம். அந்தச் சில நொடிகள்தான் நான் படித்த கல்லூரி.

புதுக் கல்யாணம் ஆகி வேலைக்காக வடக்கே போன ஒருவர், வாரம் தவறாமல் மயிலாப்பூர் நம்பர் ஒன்றுக்குப் பேசுவார். எதிரில் அவர் மனைவி. பின்னால் கூடத்தில் எல்லோரும் இருப்பார்கள் போல. ‘சாப்பிட்டீங்களா?’ ‘ம்.’ ‘அங்க குளிரா?’ ‘ம். நீ?’ ‘இங்க மழை.’ அப்புறம் பேச்சே இருக்காது. மூச்சு மட்டும் கேட்கும். மூன்று நிமிடம் ஆயிற்று என்று நான் குறுக்கே போனால், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ‘இன்னொரு மூணு நிமிஷம்’ என்பார்கள். காசு கட்டி மௌனத்தை வாங்கிக்கொண்டார்கள்.

உங்கள் கதாநாயகன் அரைப் பக்கத்துக்குத் தன் அன்பை விளக்கினால் அந்த இடத்தை அடித்துவிடுங்கள். மழை, குளிர், சாப்பாடு, மாத்திரை, பஸ் கிடைத்ததா என்ற விசாரிப்பு, இவற்றை அவன் வாயில் வையுங்கள். நம் வீடுகளில் அன்பு இப்படித்தான் பேசுகிறது.

4. இந்த ஊரில் காதலிக்க இடமில்லை. அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

தனியாக ஒரு அறை கிடையாது. வீட்டில் பாட்டி, தெருவில் தெரிந்தவர்கள், கோயிலில் அத்தை. அதனால் நம் காதலர்கள் நடக்கிறார்கள், பஸ்ஸில் நிற்கிறார்கள், வரிசையில் காத்திருக்கிறார்கள். பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் போகிற 29சி பஸ்ஸில் எத்தனை கல்யாணம் நிச்சயமாகியிருக்கும் என்று கணக்கெடுத்தால் தெரியும். லஸ்ஸில் ஏறி அடையாறு டிப்போவில் இறங்குவதற்குள் சொல்லி முடித்தாக வேண்டும் என்றால், அந்தப் பேச்சுக்குத் தானாகவே ஒரு துடிப்பு வந்துவிடும். மயிலாப்பூர் அறுபத்து மூவர் திருவிழா அன்று மாடவீதிக் கூட்டத்தில் கை விலகிப்போய் மறுபடி கிடைப்பதை நீங்கள் எழுதினால், அங்கே போய் நெருக்கப்பட்டிருக்க வேண்டும். வெயிலில் மோர்ப்பந்தல் முன்னால் நின்றிருக்க வேண்டும்.

போகாமல் எழுதினால் மாட்டிக்கொள்வீர்கள். நான் மாட்டிக்கொண்டேன். தீபாவளிக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ரங்கநாதன் தெரு நடுவில் என் கதாநாயகியும் கதாநாயகனும் நின்று பதினைந்து நிமிஷம் மனசு விட்டுப் பேசுவதாக எழுதிவிட்டேன். தி.நகரிலிருந்து ஒரு வாசகி தபால் கார்டு போட்டார். ‘அந்த நாளில் அந்தத் தெருவில் நிற்க முடியாது. பின்னால் வருகிறவர்கள் தள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். அவர்களை நடேசன் பூங்காவுக்கு அனுப்பியிருக்கலாமே?’ இரண்டாம் பதிப்பில் அனுப்பிவிட்டேன்.

5. கதாநாயகிக்குச் சம்பளம் எவ்வளவு, மாதக் கடைசியில் கையில் என்ன மிஞ்சும் என்று எழுதத் தொடங்கும் முன்பே கணக்குப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். கதையில் அது வராவிட்டாலும் பரவாயில்லை.

6. ஒரு போனில் தீர்கிற சந்தேகத்தை வைத்துப் பத்து அத்தியாயம் ஓட்டாதீர்கள்.

ஏழாம் அத்தியாயம் வந்ததும் எல்லோருக்கும் கதை படுத்துவிடும். உடனே ஒரு தப்பர்த்தம். அவன் இன்னொரு பெண்ணோடு ஹோட்டலில் உட்கார்ந்திருந்ததை இவள் பார்த்துவிட்டாள், அது அவன் தங்கை என்று எண்பது பக்கம் கழித்துத் தெரிகிறது. எங்கள் காலத்தில் வீட்டில் போன் இல்லை. கொஞ்சம் செல்லுபடியாயிற்று. இப்போது கதாநாயகி கையிலேயே போன் இருக்கிறது. அவள் ஏன் கேட்கவில்லை?

நிஜமான தடை உங்கள் கண் முன்னால் இருக்கிறது. தம்பி காலேஜ் முடிக்க இன்னும் இரண்டு வருஷம், இவள் சம்பளத்தில்தான் வீட்டு வாடகை. அக்காவுக்கு இன்னும் வரன் அமையவில்லை. சாதி வேறு. அப்பாவின் கடன். இவற்றை எழுத ஆரம்பித்தால் கதை தானாக நகரும். ஏனென்றால் இதில் யாரும் வில்லன் கிடையாது, ஆனாலும் யாராவது எதையாவது விட்டுக்கொடுத்தாக வேண்டும். என் நாவல்களில் நான் இன்றைக்கும் கூசாமல் எடுத்துப் படிப்பவை ஒரு பத்து இருக்கும். பத்தும் இப்படிப்பட்டவை.

7. பக்கத்தை நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

அச்சில் பதினாறு பக்கம் ஒரு ஃபாரம். மாத நாவலுக்கு இத்தனை ஃபாரம் என்று கணக்கு வைத்திருப்பார்கள். மிஞ்சினால் வெட்டுவார்கள், வெட்டு எப்போதும் கடைசியில்தான் விழும். என் நாவல் ஒன்று பதினோரு பக்கம் அதிகமாகப் போய்விட்டது. எனக்குச் சொல்லாமல் கடைசி இரண்டு அத்தியாயத்தை ஒரே பக்கமாகச் சுருக்கிவிட்டார்கள். நானூறு நாள் பிரிந்திருந்த இரண்டு பேர் ஆறு வரியில் சேர்ந்துவிட்டார்கள். ‘என்னம்மா அவசரம் உங்களுக்கு?’ என்று கடிதம் கடிதமாக வந்தது. எனக்கும் அழுகை வந்தது. அதற்கப்புறம் நான் கொடுக்கும் முன்பே எண்ணி, நடுவில் தளர்ந்திருக்கிற இடத்தை நானே வெட்டிவிட்டுக் கொடுத்தேன். இப்போது செயலியில் எழுதுகிற உங்களுக்கு ஃபாரம் கணக்கு இல்லை. இருந்தாலும் எல்லையை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

8. கையெழுத்துப் போடும் முன் வாசியுங்கள்.

இதை அழுத்திச் சொல்கிறேன். நம்மில் பலர் மொத்தமாக ஒரு தொகை வாங்கிக்கொண்டு, நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டவர்கள். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவை ஒருமுறை யாரிடமாவது கேட்டுப் புரிந்துகொள்ளுங்கள். உரிமையை மாற்றித் தருவது எழுத்தில், உங்கள் கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். எத்தனை வருஷம் என்று போடாமல் விட்டிருந்தால் ஐந்து வருஷம் என்றுதான் கொள்ள வேண்டும். எந்த இடத்துக்கு என்று போடாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். புத்தகம், மின்னூல், ஒலிநூல், சினிமா, வேறு மொழி, ஒவ்வொன்றும் தனித்தனி உரிமை. ‘எல்லா உரிமையும்’ என்று ஒரே வரியில் எழுதியிருந்தால், அந்த வரியைப் பிரித்து எழுதச் சொல்லுங்கள். எழுத்தாளர் காலத்துக்குப் பிறகும் 60 வருஷம் இந்த உரிமை நிற்கும். அது உங்கள் பிள்ளைகளின் சொத்து.

9. எழுத வராத காலம் வரும். பயப்படாதீர்கள்.

எனக்கு 1998-ல் வந்தது. என் கணவர் போன பிறகு பதினான்கு மாதம் ஒரு வரி ஓடவில்லை. இரண்டு பேர் சேர்ந்து சந்தோஷமாக இருந்தார்கள் என்று எழுதப் பேனாவை எடுத்தால் கை நிற்கும். பொய் சொல்கிற மாதிரி இருக்கும். முன்பணம் வாங்கியிருந்தேன், திருப்பிக் கொடுத்தேன்.

என்ன செய்தேன் என்று கேட்கிறீர்கள். காலையில் ஐந்தரைக்கு எழுந்து அதே மேஜையில் உட்கார்ந்தேன். கதை எழுதவில்லை. லட்சுமியின் பழைய நாவல் ஒன்றை எடுத்து தினமும் இரண்டு பக்கம் நோட்டில் பார்த்து எழுதினேன், பள்ளிக்கூடத்தில் காப்பி எழுதுவது போல. எங்கே வாக்கியத்தை நிறுத்துகிறார், எங்கே அடுத்த ஆளை உள்ளே கொண்டுவருகிறார் என்று கைக்குத் தெரிய ஆரம்பித்தது. மூன்று மாதம் கழித்து, என் கணவர் குடித்துக்கொண்டிருந்த பித்தளை டம்ளரைப் பற்றி எழுதினேன். விளிம்பில் ஒரு நசுங்கல் இருக்கும். அந்த நசுங்கல் தன் பக்கம் வராமல் திருப்பி வைத்துத்தான் அவர் குடிப்பார். இருபத்திரண்டு வருஷமாகத் தினமும் பார்த்ததை அன்றைக்குத்தான் எழுதினேன். அரைப் பக்கம். அதற்கப்புறம் வந்த நாவலில் அந்த டம்ளர் இருக்கிறது. நிறைய பேர் கடிதம் எழுதியது அதைப் பற்றித்தான்.

10. கடிதத்துக்குப் பதில் போடுங்கள். எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள்.

நா. பார்த்தசாரதியின் ‘குறிஞ்சி மலர்’ கல்கியில் தொடராக வந்த பிறகு எத்தனையோ வீடுகளில் பிள்ளைகளுக்கு அரவிந்தன் என்றும் பூரணி என்றும் பெயர் வைத்தார்கள். என்னோடு எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவள் வீட்டில்கூட ஒரு பூரணி உண்டு. ஒரு எழுத்துக்கு இதைவிடப் பெரிய பதில் எனக்குத் தெரியவில்லை. அது எந்த எண்ணிக்கையிலும் வராது. இன்றைக்கு எத்தனை பேர் படித்தார்கள் என்று ராத்திரி பதினொரு மணிக்குப் போனைப் பார்த்துக்கொண்டிருப்பவளுக்குச் சொல்கிறேன்: அதை மூடி வைத்துவிட்டு, உங்களுக்கு நாலு வரி எழுதியவருக்கு நாலு வரி எழுதுங்கள்.

11. அடிக்கிற கையைக் காதலாக்காதீர்கள்.

இதை எழுதலாமா என்று பல நாள் தயங்கினேன். எங்கள் தலைமுறை நாவல்களில் கதாநாயகனுக்குக் கோபம் அழகு. கையைப் பிடித்து முறுக்குவான், சந்தேகப்படுவான், கன்னத்தில் ஓர் அறை விடுவான். கடைசியில் அவ்வளவும் அளவுக்கு மீறிய அன்பு என்று தெரியவரும். அவள் மன்னிப்பாள், அவன் மாறிவிடுவான். நானும் எழுதினேன். நன்றாக விற்றது.

1987-ல் ஒரு இன்லண்ட் லெட்டர் வந்தது. பென்சிலில் எழுதியிருந்தார். என் நாவலின் பெயரைச் சொல்லி, அதை மூன்று தடவை படித்ததாக எழுதியிருந்தார். பிறகு இப்படி: ‘உங்கள் கதையில் வருகிற மாதிரியே நானும் பொறுத்துக்கொண்டேன். ஆறு வருஷம் ஆகிறது. அவர் எப்போது மாறுவார் என்று நீங்கள் எழுதவில்லை.’ குற்றம் சாட்டுகிற தொனி இல்லை. நிஜமாகவே என்னிடம் கேட்டிருந்தார். நான் எழுதியதை அவர் நம்பியிருந்தார்.

அனுப்புநர் முகவரி எழுதுகிற இடம் காலியாக இருந்தது. தபால் முத்திரை பாதி விழுந்திருந்தது, ஊர்ப் பெயரில் கடைசி இரண்டெழுத்து மட்டும் தெரிந்தது. மயிலாப்பூர் தபாலாபீசுக்கு எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். அங்கே ஒரு பெரியவர் கண்ணாடியை ஏற்றிப் பார்த்துவிட்டு, இதை வைத்துக் கண்டுபிடிக்க முடியாதம்மா என்றார்.

அப்போது கையில் ஒரு நாவல் பாதியில் இருந்தது. அதிலும் அப்படி ஓர் அறை, அப்படி ஒரு மன்னிப்பு. மிச்சத்தைக் கிழித்துப் போட்டேன். அந்த அறைக்கு அப்புறம் கதாநாயகி பெட்டியை எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போகிற மாதிரி மாற்றினேன். அவள் வேலை தேடுகிறாள், அடையாறில் ஒரு தையல் யூனிட்டில் சேர்கிறாள், கடைசியில் வேறொரு மனிதர் அவள் மெஷின் பக்கத்தில் டீயை வைத்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போகிறார். பத்திரிகையில் ஒத்துக்கொள்ளவில்லை. வேறு இடத்தில் போட்டேன், குறைவாகத்தான் விற்றது. கடைசிப் பக்கத்தை முதலில் படிக்கிறவர்களுக்காக, அவள் தனியாக இல்லை, நன்றாக இருக்கிறாள் என்பது கடைசிப் பக்கத்தின் முதல் வரியிலேயே தெரிகிற மாதிரி எழுதினேன். பென்சிலில் எழுதிய அந்தப் பெண் ஏதாவது ஒரு வாடகை நூலகத்தில் நின்று அந்தப் பக்கத்தைப் புரட்டியிருப்பாரா என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

அந்த இன்லண்ட் லெட்டர் என் மேஜையின் இரண்டாவது இழுப்பறையில் இருக்கிறது. கேட்டால் காட்டுகிறேன்.

12. வருகிற சனிக்கிழமை அத்தியாயத்தைத் தாளில் அச்சிட்டுக் கொண்டு வாருங்கள், இரண்டு வரிக்கு நடுவில் இடம் விட்டு. போனில் காட்டினால் என் கண்ணுக்குத் தெரியவில்லை. கைக்குழந்தையை விட்டுவிட்டு வருகிறவள் இந்த முறை குழந்தையையும் தூக்கிக்கொண்டு வரட்டும், இங்கே பாய் விரித்து வைக்கிறேன்.